கேட்போரும் பயனும்: குற்றாலத் தலபுராணமும் குறவஞ்சியும்

திருக்குற்றாலத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ் நூல்களுள் இரண்டு, ஒரே புலவரால் இயற்றப்பெற்றவை. ஒன்று திருக்குற்றாலத் தலபுராணம். மற்றொன்று திருக்குற்றாலக் குறவஞ்சி. இரண்டினையும் அருளியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். இரண்டினும் போற்றப்படுபவர் குற்றாலநாதரே. மலையும் அருவியும் குறும்பலாவும் இரண்டினும் அவையே. எனினும் இவ்விரு நூல்களையும் போற்றுவார் இருவேறு கூட்டத்தாராய்ப் பிரிந்து நிற்றல் கண்கூடு.

புராணத்தைப் போற்றும் சைவர் சிலர், குறவஞ்சியைக் கையாலுந் தொடார். பந்தாடும் மங்கையும், குறிசொல்லும் குறத்தியும், காமுற்றுத் திரியும் சிங்கனும் சிவபெருமானைப் பாடும் நூலுள் இடம்பெறுதல் தகாது என்பது அவர் கருத்து. குறவஞ்சியைச் சுவைப்பார் சிலர், புராணத்தை ஏட்டோடு மூடிவைப்பர். சருக்கந்தோறும் தீர்த்தப் பயனும் வழிபட்டோர் வரலாறும் அடுக்கிவரும் நூலிற் கவிச்சுவை யாது என்பது அவர் வினா. முன்னையோர் குறவஞ்சியை இழந்தனர். பின்னையோர் புராணத்தை இழந்தனர். இரு திறத்தாரும் ஒரு புலவரின் ஒரு பாதியையே கண்டனர்.

இவ்விழப்பிற்குக் காரணம் யாது? ஒரு நூலை அதற்குரிய கேட்போரையும் பயனையும் விடுத்துப் பிறிதொரு நூலுக்குரிய அளவுகோலால் அளத்தலே காரணம். அதனை ஆராய்தல் ஈண்டைக் கருத்து.

செய்யுளுக்குக் கேட்போரும் பயனும் புறத்தே நிற்பன அல்ல. செய்யுளின் உறுப்பேயாம் என்பது தொல்லாசிரியர் கொள்கை. தொல்காப்பியச் செய்யுளியல் 34 உறுப்புக்களை எண்ணுகின்றது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, யாப்பு முதலியவற்றை எண்ணிச் செல்லும் ஆசிரியர், அவற்றோடு ஒருங்குவைத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் எண்ணினார். அசையின்றிச் செய்யுள் இல்லாதவாறு போலக் கேட்போரின்றியும் செய்யுள் இல்லை என்பது இதனாற் பெறப்படும். நன்னூலாரும் சிறப்புப்பாயிரம் உரைக்கவேண்டிய எட்டனுள் கேட்போரையும் பயனையும் வைத்தார். காலம், களன், காரணம் என்னும் மூன்றனையும் அவற்றோடு சேர்ப்பார் உளர் என்றும் கூறினார்.

இவ்விரண்டிடத்தும் வரும் ‘கேட்போர்’ ஒருவர் அல்லர் என்பதைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். தொல்காப்பியனார் கூறும் கேட்போர், பாட்டினுள்ளே நின்று கேட்பவர். தலைவி கூற்றைத் தோழி கேட்பதும், தோழி கூற்றைத் தலைவன் சிறைப்புறத்து நின்று கேட்பதும் போல்வன. நன்னூலார் கூறும் கேட்போர், நூலுக்குப் புறத்தே நின்று பயில்பவர். அந்நூலைக் கேட்டற்குரிய தகுதியுடையோர். இவ்விருவரையும் அகத்தே கேட்போர், புறத்தே கேட்போர் என வேறுபடுத்திக் கொள்ளின் பின்வருவன எளிதின் விளங்கும்.

தொல்காப்பியனார் எண்வகை வனப்பும் கூறினார். அவற்றுள் ‘தொன்மை’ என்பது பழைய வரலாற்றைப் பொருளாகக் கொண்டு வருவது. ‘புலன்’ என்பது மக்கள் வழங்கும் சேரிமொழியால், ஆராய்ந்து காணவேண்டாது பொருள் தானே தோன்றும்படி செய்வது. ‘விருந்து’ என்பது புதிதாகப் புனைந்த யாப்பின்மேல் வருவது. அருஞ்சொற் செறிவும் எளிய வழக்குமொழியும் ஆகிய இரண்டும் இலக்கணத்தில் ஒப்ப இடம்பெற்றமை இதனால் அறியப்படும். எளிமையைக் குறைபாடு என்னாது வனப்பு என்றே ஓதினார் ஆசிரியர். குற்றாலத் தலபுராணம் தொன்மையின் வழிவந்தது. குற்றாலக் குறவஞ்சி புலனுக்கும் விருந்துக்கும் உறவுடையது. இவ்வளவில் இருவகை நூலுக்கும் இலக்கண வழக்கிற் பழமையான வேர் உண்டு என்பது தேறப்படும்.

இனித் தலபுராணத்தின் அமைப்பை நோக்குக. கடவுள் வாழ்த்து, அவையடக்கம், திருநாட்டுச் சிறப்பு, திருநகரச் சிறப்பு என்பன முன்னர் நிற்கும். நைமிசாரணியத்து முனிவர் வினாவச் சூதமுனிவர் விடைகூறும் முறை புராணங்களுக்குப் பொதுவாக உரியது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் பெருமையும், ஆண்டு வழிபட்டுப் பேறுபெற்றோர் வரலாறும் அடுத்தடுத்து வரும். அகத்திய முனிவர் திருமாலின் திருமேனியைச் சிவலிங்கத் திருமேனியாகக் குழைத்த வரலாறு குற்றாலத்திற்கே உரிய தலவரலாறாய் விளங்குகின்றது.

இம்மரபு ஒவ்வொன்றும் கேட்போரை நோக்கி எழுந்தது. தலபுராணம் தனித்திருந்து ஒரே மூச்சிற் படித்து முடித்தற்கு எழுதப்பட்டதன்று. கோயின் மண்டபத்தில் அன்பர் கூடியிருப்ப, ஒருவர் பாடலைப் படிக்க மற்றொருவர் பொருள் விரிக்க, நாடோறும் சிறிது சிறிதாகக் கேட்கப்படுவது. அவ்வவையிற் புலவரும் இருப்பர். எழுத்தறியாத அடியவரும் இருப்பர். நெடுந்தொலைவினின்று நீராட வந்தோரும் இருப்பர். இன்று வந்தவர் நாளை வாரார். ஆதலின் ஒவ்வொரு சருக்கமும் தன்னளவில் நிறைவுடையதாதல் வேண்டும். வழிபட்டோன் ஒருவன், அவன் உற்ற இடர், நீராடிய தீர்த்தம், பெற்ற பேறு என ஒரே வாய்பாடு மீள மீள வருதலின் காரணம் இதுவே. தனியே ஏட்டை விரித்து நூல் முழுதும் ஓடுபவனுக்கு அது சலிப்பாகத் தோன்றும். ஒருநாட் கேட்டு, ‘இத்தீர்த்தத்தில் நீராடின் என் இடரும் நீங்கும்’ என்று துணிந்து எழுபவனுக்கு அஃது உறுதிமொழி. தலபுராணத்தின் பயன் அத்துணிவை அளித்தல்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) பல தலங்களுக்குப் புராணம் பாடியதும் இவ்வேட்கை பற்றியே. தம் ஊர்ப் பெருமான் பெருமை தமிழ்ப் பாட்டில் நிலைபெறுதல் வேண்டும் என்று அவ்வவ்வூரார் விரும்பினர், புலவர் பாடினர், ஊரவர் முன்னிலையில் அரங்கேற்றினர். ஆகவே நாட்டுப்படலமும் நகரப்படலமும் வெற்று வருணனை அல்ல. தம் ஆறும் வயலும் வீதியும் சிவன் உறையும் இடமாதலால் உயர்ந்தன என்பதை அவ்வூர் மாந்தர் செவியாரக் கேட்கும் பகுதி அது.

இனிக் குறவஞ்சியை நோக்குக. கட்டியக்காரன் வந்து பெருமான் உலா வருதலை அறிவிக்கின்றான். திரிகூடநாதர் பவனி வருகின்றார். மகளிர் கண்டு வியக்கின்றனர். வசந்தவல்லி பந்தாட வருகின்றாள், பெருமானைக் காண்கின்றாள், மயலுறுகின்றாள். திங்களையும் மன்மதனையும் பழித்துப் பாங்கியைத் தூது விடுகின்றாள்; கூடல் இழைக்கின்றாள். குறத்தி வருகின்றாள். தன் மலை வளமும் நாட்டு வளமும் குலச்சிறப்பும் கூறி, வசந்தவல்லியின் கைபார்த்துக் குறி சொல்லுகின்றாள். பின்னர்ச் சிங்கன் நூவனொடு பறவை பிடிக்க வந்து, தன் சிங்கியைக் காணாது தேடித் திரிந்து, இறுதியிற் கண்டு மகிழ்கின்றான். விருத்தமும் கொச்சகமும் வெண்பாவும் இடையிடையே நிற்பக் கண்ணியும் இசைப்பாட்டும் கலந்துவரும் நூல் இது. படித்தற்கேயன்றிப் பாடி ஆடுதற்கும் உரியது.

இதன் மரபும் கேட்போரை நோக்கியதே. ஆடரங்கின்முன் நிற்போர் திரும்பக் கேட்டுத் தெளிய இடமில்லை. பாட்டு ஒருமுறையே செவிப்படும். அம்முறையே பொருள் தோன்றுதல் வேண்டும். அதனாற் சொல் எளிதாயிற்று. ஆடுவோர் அடிவைப்பிற்கு இயையச் சந்தம் குறுகிற்று. ஒரே விளி பாட்டுத்தோறும் மீண்டு வந்தது. வந்து புகுவோர் யாவர் என்பதைக் காண்போர் அறிதல் வேண்டி ஒவ்வொருவர் வரவும் தனிப்பாட்டாயிற்று. மயலும் புலம்பலும் நெடிது சென்றபின் கேட்போர் மனம் இளைப்பாறச் சிங்கனும் நூவனும் நகைச்சுவையொடு புகுந்தனர். சிங்கனும் சிங்கியும் உரையாடுமிடத்து வினாவும் விடையும் சரிக்குச் சரியாய் அமைந்தன. அஃது இருவர் எதிரெதிர் நின்று ஆடும் களத்திற்கு உரிய யாப்பு.

சிங்கன் பறவைகளைக் காணும் பகுதி இவ்வகையிற் சிறந்த சான்று. பறவைகள் வந்து மேயும் இடங்களாகக் கோயிலுக்குரிய வயல்களும் குளங்களும் பெயர் சுட்டிப் பாடப்பெறுகின்றன. அறஞ்செய்தார் பெயர்களும் ஆண்டு வருகின்றன. பிறநாட்டார்க்கு இது பெயர்ப்பட்டியல். அவ்வயலை உழுதவனும், அவ்வறத்திற்கு நெல்லளந்தவனும் கூட்டத்துள் நின்று கேட்கும்போது, தன் வயற்பெயர் இறைவன் புகழோடு சேர்ந்து ஒலித்தலைக் கேட்டு மெய்சிலிர்ப்பான். புராணத்து நகரப்படலம் எப்பயனைத் தருமோ, அப்பயனையே ஈண்டுப் பறவைப்பாட்டுத் தருகின்றது. கேட்போர் வேறுபட்டமையின் வாயில் வேறுபட்டது, பயன் ஒன்றாயிற்று.

மதுரை முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சி 1706-1732) இக்குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்து கவிராயர்க்கு நன்செய் நிலம் அளித்தார் என்பதும், அது ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர்பெற்றது என்பதும் வழிவழி அறியப்பட்ட செய்தி. நிலத்தின் பெயரே நூற்பெயராயினமை, அந்நூல் அரசவையிலும் ஊர்வழக்கிலும் ஒருங்கு பரந்தமையைக் காட்டும்.

கேட்போர் வேறுபாட்டால் ஒரே பொருள் எவ்வாறு வேறு வடிவம் கொள்ளும் என்பதற்குக் குற்றாலத்து மந்தியே போதிய சான்று. திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்திற்கு இரண்டு திருப்பதிகங்கள் அருளினார். முதல் திருமுறையில் உள்ளது குறிஞ்சிப் பண்ணில் அமைந்த குற்றாலப் பதிகம். இரண்டாந் திருமுறையில் உள்ளது காந்தாரப் பண்ணில் அமைந்த குறும்பலாப் பதிகம். குற்றாலப் பதிகத்துள், மலைச்சாரலிற் குட்டியுடன் வந்த மந்தி குலை வாழையின் கனியை உண்ணும் காட்சி வருகின்றது. கவிராயர் குறவஞ்சியுள், ஆண்குரங்கு கனிகொடுத்து மந்தியைக் கொஞ்சுகின்றது. சிந்திய கனிக்கு வானவர் இரந்து நிற்கின்றனர்.

இரண்டும் ஒரே மலை, ஒரே குரங்கினம், ஒரே கனி. பதிகத்தில் தாயும் மகவும் பசியாறுகின்றன. குறவஞ்சியிற் காதலனும் காதலியும் களிக்கின்றனர். இவ்வேறுபாடு எற்றினான் ஆயது? பதிகம் அடியார்களை ‘நமர்’ என விளித்து, இஃது இறைவன் மேவிய நன்னகர் என்று அறிவுறுத்துவது. இசையோடு ஓதி வழிபடுவார்க்கு அருளியது. இராவணன் செருக்கு அடங்கியமை, திருமாலும் அயனும் தேடிக் காணாமை, புறச்சமயத்தார் உரை கொள்ளத்தகாமை என்பன எட்டு, ஒன்பது, பத்தாம் பாடல்களில் முறையே வர, இறுதிப் பாடலாகிய திருக்கடைக்காப்பு ஓதுவார் பெயர்த்தும் அடையும் பயனைக் கூறுவது. அருள்நாடி நிற்கும் அடியார் கூட்டத்திற்கு மகவொடு வந்து வயிறு நிறையும் மந்தியே தக்க காட்சி. உயிர்கள் யாவும் ஊட்டப்பெறும் இடம் அது என்பது சொல்லாமலே அமையும்.

குறவஞ்சியில் மலைவளம் கூறுபவள் குறத்தி. அகத்தே கேட்பவள் காதலால் மெலிந்த வசந்தவல்லி. அவட்குக் குறி நன்றாக வரும் என்னும் நம்பிக்கையை விளைத்தல் குறத்தியின் கருத்து. காதலன் கனிகொடுப்பக் காதலி களிக்கும் மலை எம்மலை என்று அவள் கூறும்போது, வசந்தவல்லியின் செவிக்கு அஃது ஆறுதலாகின்றது. புறத்தே கேட்போர்க்கோ, வானவரும் இரந்து நிற்கும் பெருமை நகையும் பெருமிதமும் விளைக்கின்றது. பதிகத்து மந்தியை ஈண்டும், குறவஞ்சி மந்தியை ஆண்டும் மாற்றி வைப்பின் இரண்டும் பொலிவிழக்கும். காட்சியின் சிறப்பு, அது நிற்கும் இடத்தினும் கேட்போர் உள்ளத்தினும் உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

குறத்தி தன் உறவின்முறையை மலைகளாற் கூறும் பாட்டும் இத்தன்மைத்தே. கொல்லிமலை, பழநிமலை, விந்தமலை, இமயமலை முதலியவற்றைத் தன் சுற்றத்தார் மலைகளாகச் சொல்லி, திரிகூடமலையைத் தம் செல்வமலை என்று முடிக்கின்றாள். புராணத்திற் சூதமுனிவர் இம்மலையின் பெருமையைச் சொல்லும்போது அது சான்றோர் மொழி. குறத்தி சொல்லும்போது அஃது இல்லத்து மொழி. பெருமை குறையவில்லை, உறவு மிகுந்தது.

கவிராயர் இவ்விரண்டொடு நின்றாரல்லர். யமக அந்தாதியும் சிலேடை வெண்பாவும் உலாவும் பாடினார். யமக அந்தாதியில் அடிதோறும் ஒரே எழுத்துத்தொடர் வெவ்வேறு பொருளில் மடங்கி வரும். உரையாசிரியன் துணையின்றி அது விளங்காது. அதன் கேட்போர் இலக்கண நிகண்டுப் பயிற்சியுடைய புலவர். சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் உழைப்பிடையே இறைவன் திருநாமத்தை உள்ளத்து நிலைநிறுத்தல் அதன் பயன். குறவஞ்சியின் எளிமை புலமைக் குறைவால் வந்ததன்று என்பது இதனால் துணியப்படும். யமகம் பாட வல்லார் ஒருவர் எளிய சொல்லை எடுத்தாரெனின், அது வேண்டுமென்றே எடுத்ததாகும்.

அற்றேல், சிவபெருமானை மங்கையொருத்தி காமுறும் தலைவனாக வைத்துப் பாடுதல் தகுமோ எனின், தகும் என்பதற்குத் திருமுறையே சான்று. மணிவாசகப் பெருமான் அகத்துறைகள் 400 அமையத் திருக்கோவையார் அருளினார். அப்பெருமானே மகளிர் ஆடலும் தொழிலும் பற்றிய பாட்டு வடிவங்களை எடுத்து அம்மானை, பொற்சுண்ணம், சாழல், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் எனத் திருவாசகத்துள் வைத்தார். அவை வீட்டு முற்றத்தும் விளையாட்டிடத்தும் மகளிர் பாடி வந்த வடிவங்கள். அவ்வடிவங்களிற் சிவம் புகுந்தமையால் சிவம் தாழவில்லை; முற்றம் கோயிலாயிற்று. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய திருவுந்தியாரும் அவ்விளையாட்டு வடிவிலேயே ஞானம் உணர்த்துகின்றது. உந்திபறத்தலைச் சாத்திரமாக ஏற்றுக்கொண்ட சைவர், குறிகேட்டலைப் பாட்டாக ஏற்க மறுத்தல் பொருந்தாது.

ஆயினும் வடிவம் ஒன்றே சிவப்பொருளைத் தந்துவிடும் என்பதும் அன்று. தஞ்சை இரண்டாஞ் சரபோசி மன்னர் (ஆட்சி 1798-1832) மேல் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபால குறவஞ்சி பாடினார். ஆண்டும் பவனி உண்டு; மயலுறும் மங்கை உண்டு; குறத்தி உண்டு. ஆனால் தலைவன் மானிட அரசன். ஆகவே மங்கையின் மயல் அரசன் புகழாய் முடிகின்றது. குற்றாலக் குறவஞ்சியிலோ தலைவன் பிறவா யாக்கைப் பெரியோன். ஆதலின் வசந்தவல்லியின் மயல், பதியை நாடும் உயிரின் வேட்கையாக ஓதுவார்க்குத் தோன்றுதல் இயல்பு. மரபு ஒன்று; பயன் வேறு. பயனை நோக்காது மரபை மட்டும் நோக்கி இழித்தலும் பிழை. மரபை மட்டும் நோக்கி உயர்த்தலும் பிழை.

ஈண்டு மற்றொரு பிழையும் களையத்தக்கது. குறவஞ்சியைச் சைவ நூலாக ஏற்பார் சிலர், அதன் ஒவ்வோர் உறுப்பிற்கும் சித்தாந்தப் பொருள் காண முயல்வர். வசந்தவல்லி உயிர், குறத்தி குரு என்பது வரை கேட்போர் உள்ளம் இசையும். பந்து இன்ன மலம், நூவன் இன்ன தத்துவம், சிங்கன் கண்ணி இன்ன பாசம் என்று அடுக்கத் தொடங்கின், ஆடலைக் கண்டு மகிழ வந்த கூட்டத்திற்குக் கவிராயர் அமைத்த நகையும் இசையும் அழிந்தொழியும். நகைச்சுவை நகைச்சுவையாகவே நின்றும் இறைவன் விழாவில் இடம்பெறலாம். எல்லாவற்றையும் உருவகமாக்கினாலன்றிச் சைவமாகாது என்பார், உருவகமின்றியே இந்நூல் கோயிற் பாட்டாயினமையை மறந்தவராவர்.

குறவஞ்சியைச் சுவைப்பார் பக்கமும் நோக்கத்தக்கது. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) குற்றாலத்தில் வாழ்ந்து, கூட்டமாய் அமர்ந்து பாடலைப் பாடிக் காட்டிச் சுவைக்கும் நெறியைப் பரப்பினார். குறவஞ்சியையும் விளக்கத்தொடு பதிப்பித்தார். பாட்டைச் செவியாற் கேட்டலே முதன்மை என்பதை அந்நெறி தமிழுலகிற்கு நினைவூட்டிற்று. அந்நன்மை மறுக்கத்தக்கதன்று. ஆயின் அதன்வழி வந்தோர் சிலர், தனிப்பாட்டின் இனிமை ஒன்றையே கவிதைக்கு அளவாகக் கொண்டு, தலபுராணங்களைக் கவிதையின் எல்லைக்குப் புறத்தே தள்ளினர். அது பந்தாடும் பாட்டில் தீர்த்தப் பயன் எங்கே என்று வினாவுதலை ஒக்கும். செவிப்புலனுக்கு உரியது குறவஞ்சி. நெடுநாட் கேள்விக்கு உரியது புராணம். ஒரு பாடலை எடுத்து இரண்டனையும் நிறுத்தல் துலாக்கோலால் ஆற்றின் நீளத்தை அளத்தல் போலும்.

கேட்போரும் பயனும் நூன்மரபை விளக்கும் எனக் கூறியதனால், அவை எல்லாவற்றையும் சரியெனக் காட்டும் என்று கொள்ளற்க. விளக்குதல் வேறு, தகுதி கூறுதல் வேறு. குறவஞ்சியுட் குறவர் வாழ்க்கையைப் பாடியவர் குறவர் அல்லர். கண்டு மகிழ்ந்த அவையோர் பெரும்பாலும் குறவர் அல்லர். குறத்தி அறிவும் சொல்வன்மையும் உடையவளாய்ப் பெருமை பெறச் சிங்கனோ அவையோர் நகைப்பிற்கு உரியவனாய் நிற்கின்றான். அந்நகை அக்கால அவையின் விருப்பத்தால் அமைந்தது என்பது விளக்கம். இக்காலத்து அவையில் எல்லாக் குலத்தாரும் ஒருங்கிருப்பர். ஆதலின் அந்நகையை ஆடுவோரும் உரைப்போரும் எண்ணி ஆளுதல் கடன். 1944ஆம் ஆண்டிற் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவியார் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியபோதே அவை மாறிவிட்டது. திருவிழாக் கூட்டம் போய் நகரத்து அரங்கத்தார் கேட்போராயினர். அவர்க்கு ஐந்தாம் வயலும் ஆறாங் குளமும் அறிமுகம் இல்லை. வசந்தவல்லியின் ஆடலும் குறத்தியின் இசையுமே முன்னின்றன. கேட்போர் மாறின் ஒரே நூலின் உள்ளும் எவ்வுறுப்பு மேலெழும், எவ்வுறுப்பு மறையும் என்பது மாறும்.

இக்கொள்கை சைவ நூலோர்க்குப் புதிதன்று. பொதியில் அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கிய மாதவச் சிவஞான முனிவர் (மறைவு 1785), பன்னிரண்டு சூத்திரமேயுடைய சிவஞானபோதத்திற்கு இரண்டு உரைகள் கண்டார். ஒன்று மாபாடியம்; மற்றொன்று சிற்றுரை. மாபாடியம் ஆகமமும் தருக்கமும் இலக்கணமும் கற்றுப் பிறர் கோள் மறுக்க வல்லார்க்கு. சிற்றுரை சூத்திரத்தின் பொருளை நேரே அறிய விழைவார்க்கு. சிற்றுரையில் மறுப்புரைகளின் பரப்பு இல்லையே என்று எவரும் குறைகூறுவதில்லை. மாபாடியம் நெடிதாயிற்றே என்று கற்றோர் வெறுப்பதும் இல்லை. நூல் ஒன்று, உரையாசிரியர் ஒருவர், கேட்போர் இருதிறத்தார் என்பதை அறிந்தே இரண்டனையும் போற்றுகின்றனர். ஆறுமுக நாவலரும் புராண வசனத்தை ஒரு நடையிலும், சிறுவர்க்குரிய பாலபாடத்தையும் சைவ வினாவிடையையும் மற்றொரு நடையிலும் இயற்றினார். உரைக்கும் வசனத்திற்கும் அளிக்கும் இந்நீதியைப் பாட்டிற்கும் அளித்தல் அன்றோ நடுவுநிலை?

கவிராயர் தாமே இதனை முன்னறிந்தார். குறவஞ்சியின் அவையடக்கத்தில், மாலையை விரும்பிச் சூடுவோர் அதனைத் தொடுத்த நாரைப் பொல்லாதென்று தள்ளுவரோ என்று வினாவி, குற்றாலத்தீசர் திருப்பெயர் கலந்தமையாற் பெரியோர் தம் சொல்லைத் தள்ளார் என்று அமைகின்றார். ஆடல் காண வந்த கூட்டத்திற்கு அவையடக்கம் வேண்டுவதன்று. கூட்டத்தின் பின்னே பெரியோரும் நிற்பர், அவர் புராணத்தின் அளவுகோலைக் கையிற் கொண்டு வருவர் என்பதை எண்ணியே அப்பாட்டு முன்வைக்கப்பட்டது. இருவேறு கேட்போரையும் ஒரு நூலில் எதிர்கொண்ட புலவரின் தெளிவு ஈண்டுப் புலனாகின்றது. அவர் நாணியது தம் சொல்லின் சிறுமைக்கு. தாம் மேற்கொண்ட வடிவத்திற்கு அன்று.

குற்றாலத்திற்குச் செல்வார் பேரருவியில் நீராடிச் சங்கின் வடிவாய் அமைந்த திருக்கோயிலுட் புகுந்து இலிங்கத் திருமேனியை வணங்குவர். பின்னர், ஐந்து சபைகளுள் ஒன்றாகத் தனியே அமைந்த சித்திரசபைக்குச் சென்று, சுவரில் தீட்டிய ஓவியமாக ஆடும் பெருமானைக் கண்டு தொழுவர். கருவறையில் வண்ணம் இல்லையே என்று வருந்துவாரும், சித்திரசபையில் இலிங்கம் இல்லையே என்று திரும்புவாரும் இலர். தலபுராணத்தையும் குறவஞ்சியையும் அவ்வாறே அணுகுதல் கற்றோர்க்குக் கடன். புராணத்தை ஒரு சருக்கமாயினும் வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லக் கேட்டல் வேண்டும். குறவஞ்சியை ஒரு பாட்டாயினும் இசையொடு பாடக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டபின், இரண்டனுள் எது உயர்ந்தது என்னும் வழக்கு தானே ஒழியும்.